நீல நிறத்தில் இருந்த இரண்டு வாரங்கள்

சங்கத்தின் ஆண்டு மலருக்கு என்னிடம் இரண்டு பக்கம் கேட்டிருக்கிறார்கள். 'இணைய வணிகத் திட்டம்: ஒரு வெற்றிப் பயணம்' என்று தலைப்பையும் அவர்களே வைத்துக் கொடுத்துவிட்டார்கள். கூடவே ஒரு பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், முடிந்தால் சிரித்த முகமாக. புகைப்படம் இருக்கிறது. சிரித்த முகத்துக்கும் குறைவில்லை. என் முக அமைப்பே அப்படி. துக்கம் விசாரிக்கப் போனால்கூட வீட்டுக்காரர்கள் என்னைச் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். வெற்றிதான் இல்லை. ஆகவே தலைப்பை மாற்றிவிட்டேன்.

மலர் வெளியாட்கள் கைக்கும் போகும் என்பதால் கொஞ்சம் அறிமுகம். நம்முடையது மேனாம்பேட்டைச் சுற்றிச் சந்து சந்தாக இருக்கும் சிறிய லேத் பட்டறைகளின் சங்கம். நான் அதில் திட்ட அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். அதற்கு முன் டிப்ளமோ முடித்து, அம்பத்தூர் பேட்டையில் ஒரு கம்பெனியின் உற்பத்தித் திட்டப் பிரிவில் பத்தொன்பது வருடம். எந்த மெஷின் எந்த நாளில் எந்த வேலையைச் செய்யும் என்று கட்டம் போட்டுக் கலர் அடிப்பதுதான் வேலை. கம்பெனியை மூடிய அன்றும் அடுத்த மாதத்து அட்டவணைக்கு மும்முரமாகக் கலர் அடித்துக்கொண்டிருந்தேன். எல்லாத் தேதியும் அதில் இருந்தது, மூடும் தேதியைத் தவிர.

பெயர் சுகுமார் என்றால் பட்டறைகளில் யாருக்கும் தெரியாது. 'கலர் பென்சில்' என்றால் தெரியும். உடம்பைப் பார்த்து வைத்த பெயரல்ல. நான் பென்சில் டப்பா மாதிரி இருப்பேன். லேத் மெஷினில் வருடத்துக்கு ஒருமுறைதான் கைவைத்திருக்கிறேன், ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்க. இப்படிப்பட்ட ஆளிடம்தான் அறுபது பட்டறைகளையும் இணையத்தில் ஏற்றும் திட்டத்தைக் கொடுத்தார்கள்.

யோசனை நல்லதுதான். அதையும் சொல்லிவிட வேண்டும். நம் பட்டறைகளுக்கு வேலை வருவது நடந்து வருகிறவர்களை நம்பி. மோட்டார் ரிப்பேர்க்காரர் வருவார், மாவு மில்காரர் வருவார், தேய்ந்த பாகத்தைக் கையில் கொடுத்து "இதே மாதிரி ரெண்டு" என்பார். அதையே வெளியூர்க்காரர் வீட்டிலிருந்தபடி ஆர்டர் செய்தால்? பாகங்களின் படம், அளவு, எண் எல்லாம் தளத்தில் இருக்கும். ஆர்டர் வந்தால் வரிசைப்படி ஒரு பட்டறைக்குப் போகும். ஆறு நாளில் பொருள் போய்ச் சேரும்.

எட்டு வாரத் திட்டம் போட்டேன். முதல் மூன்று வாரம் பட்டறை பட்டறையாகப் போய்ப் பாகங்களைப் படமெடுத்து அளப்பது, மஞ்சள். தளம் கட்டுவது பச்சை. வெள்ளோட்டம் ஆரஞ்சு. நடுவில் இரண்டு வாரம் நீலம்: சரிபார்ப்பு. அளந்த பட்டியலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பட்டறைக்காரரிடமும் உட்கார்ந்து, ஒவ்வொரு அளவுக்கும் அவர் வாயால் 'சரி' என்று வாங்கி, ஓரத்தில் கையெழுத்துப் போடச் செய்வது. என் வாழ்க்கையில் நான் அடித்த கலர்களிலேயே உருப்படியான கலர் அந்த நீலம்தான்.

ஏன் என்று சொல்கிறேன். நம் பட்டறை எதற்குள் நுழைந்தாலும் சுவரில் ஒரு கம்பி ஓடும். அதில் பழைய பாகங்களை மாலை மாதிரி கோர்த்துத் தொங்கவிட்டிருப்பார்கள். வாடிக்கையாளர் விட்டுப்போன மாதிரிகள் அவை. அடுத்த முறை அவரே வந்தால் தேடாமல் எடுக்கலாம். அளக்கும் வேலைக்குச் சங்கம் அமர்த்திய ஆலோசனைக் கம்பெனியிலிருந்து வந்த நான்கு பேரும் அந்தக் கம்பியைப் பார்த்ததும் அப்படியே மகிழ்ந்துபோனார்கள். கண்காட்சி மாதிரி எல்லாம் ஒரே இடத்தில்! ஒவ்வொன்றாகக் கழற்றி, டிஜிட்டல் வெர்னியரில் அளந்து, லேப்டாப்பில் ஏற்றினார்கள்.

மேற்பார்வை என்ற பெயரில் நானும் ஒருநாள் கூடப் போனேன். அது கஸ்தூரியின் பட்டறை. ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்து, பத்து வருடம் அடுத்தவர் பட்டறையில் நின்று, பிறகு சொந்தமாக இரண்டு லேத்தும் ஒரு மில்லிங் மெஷினும் போட்டவர். அவர்கள் அளப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் மெஷினை நிறுத்திவிட்டு வந்தார்.

"இன்னா சார், உன் ஆளுங்க தேஞ்சி போனத்த அளந்துகினு கீறாங்க?"

"மாதிரியைத்தானேம்மா அளக்கணும்?"

"மாதிரி இன்னாத்துக்கு வந்துது? தேஞ்சிதுன்னுதானே வந்துது! புச்சா இருந்தா எவன் சார் எடுத்துனு வருவான்? அத்த வெச்சி எந்த ஜாமான்னு தெரிஞ்சிக்கலாம். அளவு எடுக்கணும்னா ஜோடி வேணும்."

ஜோடி என்பது அந்தப் பாகம் எதில் மாட்டுகிறதோ அது. ஒருவர் பழைய புஷ்ஷைக் கொண்டுவந்தால், அதாவது சுழலும் ஷாஃப்ட்டின் மேல் மோதிரம்போல் உட்காரும் உலோக வளையத்தை, நம் ஆட்கள் அதை ஓரமாக வைத்துவிட்டு முதலில் கேட்பது "ஷாஃப்ட்டு எங்க?" என்றுதான். ஷாஃப்ட்டை அளந்துதான் புஷ்ஷைக் கடைவார்கள். எல்லாப் பட்டறையிலும் அன்றாடம் கேட்கிற கேள்வி. பதினேழு தடவை கூடிய எங்கள் திட்டக் கூட்டத்தில் ஒரு தடவைகூட அது வரவில்லை. கூட்டத்தில் பட்டறைக்காரர்கள் இல்லை, நாங்கள் இருந்தோம்.

ஆனாலும் நான் கெட்டிக்காரனாயிற்றே. "கவலைப்படாதீங்கம்மா, இதுக்குத்தான் ரெண்டு வாரம் சரிபார்ப்பு வெச்சிருக்கேன். நீங்க பார்த்து ஓகே சொல்லாம ஒரு அளவுகூட ஏறாது" என்று அட்டவணையை விரித்து நீலக் கட்டத்தைக் காட்டினேன்.

கஸ்தூரி அதைக் குனிந்து பார்த்தார். "சோக்கா கீது. இத்த மட்டும் உட்டுடாத."

அடுத்த வாரமே விட்டேன்.

அப்போதைய செயலாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், அவர் படம் இந்த மலரின் முதல் பக்கத்தில் வருகிறது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். குரலை உயர்த்தாத மனிதர். யாரையும் 'நீ' என்றதில்லை. ஒருவரின் வேலையை வெட்டப் போகிறார் என்றால் தன் டபரா காபியில் பாதியை இன்னொரு தம்ளரில் ஊற்றி, அவர் பக்கம் தள்ளுவார். "பாதி பாதி" என்பார். நாம் காபியை வாயில் வைக்கும்போது பென்சிலை எடுப்பார். வாயில் சூடான காபி இருக்கும்போது மறுத்துப் பேசிப் பாருங்கள்.

"சுகுமார், திறப்பு விழாவுக்கு மந்திரி தேதி கொடுத்திட்டார். ரெண்டு வாரம் முன்னாடி வருது."

"சார், தளம் கட்டவே..."

"அதுல கை வைக்க வேணாம். இந்த நீலம் எதுக்கு?"

"சரிபார்ப்பு சார். அளவுகளை உறுப்பினர்கள்..."

"வெர்னியர்ல அளந்தாச்சில்ல? மெஷின் பொய் சொல்லுமா? அளந்ததையே திரும்பக் கேட்டா நம்ம மேல நமக்கே நம்பிக்கை இல்லைன்னு ஆகும். பாதி பாதி, எடுத்துக்குங்க, ஆறிடும்."

குடித்தேன். நல்ல காபி. நான் தம்ளரைக் கீழே வைத்தபோது நீலக் கட்டத்தின் மேல் ஒரு கோடு ஓடியிருந்தது. கோணலில்லாமல், அடிக்கோல் வைத்த மாதிரி. அதன் கீழே நான் சுருக்கொப்பம் போட்டேன். அந்தத் தாள் இன்றும் சங்கக் கோப்பில் மூன்றாவது தாளாக இருக்கிறது. சந்தேகம் இருப்பவர்கள் போய்ப் பார்க்கலாம். கோடு அவருடையது, ஒப்பம் என்னுடையது.

கஸ்தூரியிடம் நான் இதைச் சொல்லவில்லை. சொல்ல நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மந்திரிக்குச் சால்வை என்ன நிறத்தில் வாங்குவது என்று அரைநாள் விவாதிக்க நேரமிருந்தது.

விழா முடிந்த மறு வாரம் முதல் பெரிய ஆர்டர் வந்தது. வெளியூர் பம்ப் கம்பெனி ஒன்றுக்கு நானூறு புஷ். வரிசைப்படி அது கஸ்தூரிக்குப் போனது. தளத்தில் அந்தப் பாகத்தின் உள்விட்டம் முப்பது புள்ளி நான்கு ஒன்று மில்லிமீட்டர் என்று இருந்தது. எந்தப் பட்டறையின் கம்பியிலிருந்து எடுத்த மாதிரியோ, நன்றாக உழைத்துத் தேய்ந்தது. நாங்கள் தப்பை இரண்டு தசமத் துல்லியத்தில் அளந்திருந்தோம்.

அன்று மத்தியானமே போன் வந்தது.

"சார், இந்த அளவு ராங்கு. முப்பது ஷாஃப்ட்டுக்குத்தான் இந்த மாதிரி புஷ்ஷு வரும். பாயின்ட் நாலு எச்சா போட்டா கொளகொளன்னு ஆடும். கஸ்டமர் நம்பர் குடு, ஷாஃப்ட்டு இன்னா சைஸுன்னு ஒரு வார்த்த கேட்டுக்கறேன்."

நம்பர் கொடுக்க முடியாது. வாங்குபவரின் எண் உறுப்பினருக்குத் தெரியக் கூடாது என்பது திட்டத்தின் பதினான்காவது விதி. தெரிந்தால் சங்கத்தை விட்டுவிட்டு நேரடியாக வியாபாரம் பேசிவிடுவார்களாம். எழுதியது யார்? அடியேன்தான். ரொம்ப அழகான வாக்கியம் அது, மூன்று தடவை திருத்தி எழுதினேன்.

"நம்பர் தர முடியாதும்மா. நான் கேட்டுச் சொல்றேன்" என்று செயலாளரிடம் போனேன். தளத்தில் ஆறு நாள் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. "முதல் ஆர்டர்லயே வாங்குறவர்கிட்ட போய் எங்க பட்டியல் சரியான்னு கேட்பீங்களா?" என்றார். நான் கஸ்தூரிக்குத் திரும்பப் போன் செய்தேன்.

"பட்டியல்ல இருக்கிறபடி போட்டுடுங்கம்மா."

"சார், இது ஆடும் சார்."

"யாராவது கேட்டா நான் பதில் சொல்றேன்."

"நீ சொல்றேன்னு சொல்ற. சரி, போடறேன்" என்றார்.

நானூறும் போயின. நானூறும் திரும்பி வந்தன. புது புஷ்கள்தான், பளபளப்புக்குக் குறைவில்லை. ஆனால் பிறக்கும்போதே பணி ஓய்வு பெற்றுப் பிறந்தவை. அந்த விஷயத்தில் அவை என் பிள்ளைகள்.

விசாரணை சங்கக் கட்டடத்தின் மாடியில் நடந்தது. கஸ்தூரி ஒரு முப்பது மில்லிமீட்டர் ஷாஃப்ட்டுத் துண்டைக் கையோடு கொண்டுவந்திருந்தார். திரும்பி வந்த புஷ் ஒன்றை அதில் மாட்டி, மேஜை மேல் வைத்து ஆட்டினார். கடகடவென்று சத்தம் வந்தது. அந்த அறையில் நேர்மையாகப் பேசிய ஒரே பொருள் அதுதான்.

செயலாளர் கேட்டார்: "அளவு தப்புன்னு தெரிஞ்சும் செஞ்சிருக்கீங்க. முன்கூட்டியே யார்கிட்டயாவது சொன்னீங்களாம்மா?"

"தோ, இவராண்ட சொன்னேன். போன்ல. நான் பதில் சொல்றேன்னு சொன்னாரு."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். செயலாளர் மட்டும் திரும்பவில்லை. டபராவை எடுத்தார், பாதியை ஊற்றினார், என் பக்கம் தள்ளினார்.

எனக்கு அப்போது ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். இதையெல்லாம் காரணமாகச் சொல்லலாம். சொன்னால் நீங்களும் தலையாட்டுவீர்கள். அப்படித் தலையாட்டுகிறவர்களால்தான் என்னைப் போன்றவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறோம்.

நான் காபியைக் குடித்தேன்.

குடித்து முடித்து, "போன் வந்த மாதிரி ஞாபகம் இருக்கு. என்ன பேசினோம்னு சரியா நினைவில்லை" என்றேன். கஸ்தூரி ஷாஃப்ட்டைப் பழந்துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். 'உறுப்பினரின் கவனக்குறைவால் ஏற்பட்ட தவறு' என்று நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள்.

தளத்தில் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது. அதன் பிறகு வரிசையில் அவர் முறை வரவே வராது. சிவப்புப் புள்ளிக்காரர்களைத் தாண்டிப் போகும்படி தளத்தை அமைத்திருந்தோம். வெளி ஆட்களை விடுங்கள். பக்கத்துச் சந்தில் இருந்துகொண்டு அவருக்கு வேலை பகிர்ந்து கொடுத்தவர்களே போனைத் திறந்து புள்ளியைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் போனார்கள். பத்து வருடமாக அவர் வேலையைக் கண்ணால் பார்த்தவர்கள், ஐயா! அந்த ஆட்கள் இந்த மலரையும் படிப்பார்கள். படிக்கட்டும். முதலில் மில்லிங் மெஷின் போயிற்று. அடுத்த வருடம் ஒரு லேத்.

தளமும் அதற்கப்புறம் ரொம்ப நாள் நிற்கவில்லை. எல்லாப் பாகமும் தேய்ந்த அளவில் இருந்தால் எது நிற்கும்? அறுபது பட்டறையிலிருந்தும் கொளகொளவென்று பொருள்கள் போய், கொளகொளவென்று திரும்பி வந்தன. அத்தனை பேருக்கும் புள்ளி வைத்தால் வரிசையில் ஆளே மிஞ்சாது என்பதால் அப்புறம் யார் மேலும் தவறு பதியவில்லை. யாருக்கும் பட்டியலைச் சந்தேகிக்கத் தோன்றவில்லையா? தோன்றியது. ஆனால் பட்டியல் தப்பு என்று எழுதினால் கஸ்தூரி விஷயத்தில் எழுதியதும் தப்பாகிவிடும். ஒரு பெண்ணின் பெயரைக் கெடுத்ததை ஒப்புக்கொள்வதைவிட ஒரு திட்டத்தையே சாகவிடுவது இவர்களுக்கு, இல்லை, எங்களுக்குச் சுலபமாக இருந்தது.

இப்போது சங்கம் இரண்டாவது தளம் கட்டுகிறது. அனுபவசாலி என்று என்னைக் கூப்பிட்டார்கள். வேலையைச் செய்பவர் மாரிச்செல்வி. ஊர் திருநெல்வேலிப் பக்கம், இங்கே கொரட்டூரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். சுறுசுறுப்பான பெண். பழைய தளத்தின் பதிவுகளை அப்படியே புதியதில் ஏற்றிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். அறுபது பெயர்கள். ஒரு பெயரில் சிவப்பு.

"இதை எடுத்துடும்மா."

"சும்மா எடுக்க முடியாது சார். தவறு நடந்ததுன்னு பதிவு இருக்கு. காரணம் மாத்தினாத்தான் புள்ளி போகும்."

"மாத்து."

"ரெண்டே ஆப்ஷன்தான் சார் இருக்கு. ஒண்ணு உறுப்பினர், இல்லன்னா வாங்குபவர். காலியா விட முடியாது. யாரு சார் இத இப்படி டிசைன் பண்ணது? சங்கமே தப்பு பண்ணா என்ன செய்யன்னு யோசிக்கவே இல்லையா?"

"ஒரு முட்டாள் பண்ணான்."

"அவங்க இப்ப எங்க இருக்காங்க சார்?"

"உன் எதிர்ல உட்கார்ந்து வடை தின்னுட்டிருக்கான்."

அந்தப் பெண் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்து ஒருவர் சிரிப்பை நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

நடந்ததையெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, மூன்றாவதாக ஓர் ஆப்ஷன் சேர்த்தார்: 'திட்டமிட்டவர்'. ஆனால் அது வெள்ளோட்டப் பிரதியில் மட்டும். நிரந்தரமாக்க இப்போதைய செயலாளர் சம்மதிக்க வேண்டும். அவரிடம் போனேன்.

"முடிஞ்சு போன விஷயம் சார். மலர் வர்ற நேரத்துல எதுக்கு? பெரியவர் படம் வேற முதல் பக்கத்துல போடறோம்."

"முடிஞ்சு போச்சா? அந்தம்மா பேருக்கு நேரா இன்னும் சிவப்பு எரியுதே, அது என்ன தீபாவளி சீரியல் பல்பா?"

நான் கத்தியதில் பக்கத்து அறை டைப்பிஸ்ட் தண்ணீர் கொண்டுவந்துவிட்டார். என் ரத்த அழுத்தம் சங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். செயலாளர் கடைசியில், "சரி, எழுத்துமூலம் கொடுங்க. பொதுக்குழுவில் வைக்கிறேன். உறுப்பினர்கள் கை தூக்கினா மாத்திடலாம்" என்றார்.

எழுத்துமூலம் இதுதான். அன்று அந்தப் போனில் என்ன பேசினோம் என்று எனக்கு ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது, மேலே எழுதியிருக்கிறேன். உறுப்பினர் கஸ்தூரி செய்வதற்கு முன்பே சொன்னார். செய்யச் சொன்னது நான். பதில் சொல்கிறேன் என்றவனும், சொல்லாமல் இருந்தவனும் நானே. நடவடிக்கைப் புத்தகத்தில் உள்ள வாக்கியம் பொய். மலரில் இதைப் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். கையெழுத்திட்ட பிரதி ஒன்றைக் கோப்பில் சேர்த்து ரசீது வாங்கிவிட்டேன்.

போன வாரம் மேனாம்பேட்டில் அவர் பட்டறைக்குப் போனேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு. மீதமிருக்கும் ஒரு லேத்தில் ஏதோ இரும்புப் பின் ஒன்றைக் கடைந்துகொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. உட்கார ஸ்டூலும் இல்லை. நின்றபடியே மன்னிப்புக் கேட்டேன், மலருக்கு எழுதப் போவதைச் சொன்னேன். மெஷினை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டார்.

"எழுதறதுன்னா எழுது சார். ஆனா பாவம் அந்தப் பொம்பளன்னு எதுனா எழுதி வெக்காத. அளவு ராங்குன்னு எழுது. முப்பது, முப்பது பாயின்ட் நாலு. ரெண்டையும் எழுது. பாக்கறவனுக்குத் தெரியும்."

"எழுதறேன்மா."

மாரிச்செல்வி அனுப்பியிருந்த பிரதியை என் போனில் திறந்து காட்டினேன். எண்ணெய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து படித்தார்.

"திட்டமிட்டவர்னு போட்டுகீதே, யாரு அது?"

"நான்தான்."

"பேரு போடலியே?"

"பொதுக்குழுவில் கை தூக்கினா பேரும் போட்டுடுவாங்க."

"தூக்குவாங்களா?"

தெரியவில்லை என்றேன். இந்த ஒரு பதிலிலாவது நான் பொய் சொல்லவில்லை. அவர் நிமிர்ந்து, கடைந்த பின்னை மைக்ரோமீட்டரில் வைத்து, அளவைப் பார்க்க ஜன்னல் பக்கம் திரும்பினார். நான் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"தூக்கட்டும், அப்பால பாக்கலாம். கொஞ்சம் நவுரு சார், வெளிச்சத்த மறைக்கிற."

நகர்ந்தேன்.